525 மடங்கு டெலஸ்கோப்: முத்தியால்பேட்டை மொட்டை மாடியிலிருந்து ஒரு மதிப்புரை

வாங்கி நாலு மாதம் ஆகிறது. மதிப்புரை எழுதுங்கள் என்று, வாங்கின ஷாப்பிங் செயலி ஆறு தடவை நினைவூட்டிவிட்டது. நாலு வரியில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. எதற்கு எத்தனை நட்சத்திரம் குறைப்பது என்பதில் குழப்பம். எது டெலஸ்கோப் குழாயின் குறை, எது புதுச்சேரி வானத்தின் குறை என்று பிரிக்காமல் மார்க் போட்டால் பாவம். இதை எனக்கு உறைக்க வைத்தவர் 250 வருஷத்துக்கு முன் நம்ம ஊருக்கு வந்து மேகத்திடம் தோற்றுப்போன ஒரு பிரெஞ்சுக்காரர். அவர் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முத்தியால்பேட்டையில் 22 வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங், லேமினேஷன், டிசம்பர் வந்தால் தினசரி காலண்டர், பஞ்சாங்கம். டெலஸ்கோப்புக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. ஏழாம் வகுப்பு படிக்கிற பேத்தி கேட்டாள். தீபாவளித் தள்ளுபடியில் 8,499 ரூபாய். வாங்கினேன்.

முதல் தப்பு அங்கேதான். அது குழாயின் தப்பு இல்லை, என்னுடையது. இந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவள், ஐப்பசியில் போய் டெலஸ்கோப் வாங்குவேனா? வந்து இறங்கிய நாளிலிருந்து 19 நாள் மூட்டம், மழை, மறுபடி மூட்டம். பேத்தி தினமும் சாயங்காலம் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, “ஆயா, இன்னைக்கும் இல்ல” என்று இறங்கி வருவாள். எங்கள் வீட்டுக்காரர் அந்த நீளப் பெட்டியைத் துணி மடித்து வைக்கப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்.

பெட்டியில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். முன்லென்ஸ் 70 மில்லிமீட்டர், குவியத்தூரம் 700 மில்லிமீட்டர். கண் வைத்துப் பார்க்கிற ஐபீஸ் மூன்று: 25, 10, 4 மில்லிமீட்டர். ஐபீஸோடு சேர்த்து உருவத்தை இன்னும் பெரிதாக்கும் மூன்று மடங்கு பார்லோ லென்ஸ் ஒன்று. ஒளியைத் திருப்பிவிடும் டயகனல், சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்ப்பான், அலுமினிய முக்காலி, கையேடு. கையேட்டில் தமிழ் இல்லை. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ‘525 மடங்கு’.

இந்த 525 எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டால் சிரிப்பு வரும். 700-ஐ ஐபீஸின் அளவால் வகுத்தால் உருப்பெருக்கம். 25-க்கு 28 மடங்கு, 10-க்கு 70, 4-க்கு 175. அந்த 175-ஐ மூன்று மடங்கு பார்லோவால் பெருக்கினால் 525. கணக்கு சரி. ஆனால் ஒரு குழாய் உருப்படியாகக் காட்டுகிற எல்லை, முன்லென்ஸ் மில்லிமீட்டருக்குச் சுமார் இரண்டு மடங்கு. 70 மில்லிமீட்டருக்கு 140. அதற்கு மேல் போனால், சின்ன பாஸ்போர்ட் போட்டோவை ஏ3 பேப்பரில் பெரிதாக்கித் தரச் சொல்வது மாதிரிதான். பெரிதாகும், மூக்கு எது வாய் எது என்று தெரியாது. கடையில் தினமும் யாராவது அதைக் கேட்பார்கள், நானும் தினமும் சொல்வேன். அதே வித்தையை 8,499 ரூபாய்க்கு என்னிடமே காட்டிவிட்டார்கள். 4 மில்லிமீட்டர் ஐபீஸும் பார்லோவும் பெட்டியிலேயே கிடக்கின்றன. 25-ம் 10-ம் நல்ல சரக்கு.

முக்காலி மோசம். மாடியில் யாராவது நடந்தால் நிலா ஆடும். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டால் ஆடும். இரண்டு லிட்டர் பாட்டில் இரண்டில் கடற்கரை மணலை நிரப்பி முக்காலியின் நடுத்தட்டிலிருந்து கட்டித் தொங்கவிட்டோம். முக்கால்வாசி ஆட்டம் அடங்கியது. சிவப்புப் புள்ளிக் குறிபார்ப்பானின் திருகு இரண்டாம் வாரமே கழன்று எங்கோ விழுந்துவிட்டது. விற்றவரிடம் எழுதிக் கேட்டேன். கழுவின நீரில் நழுவின மீன் போல ஒரு பதில் வந்தது, திருகு வரவில்லை. சைக்கிள் கடையில் ஐந்து ரூபாய்க்கு ஒன்று வாங்கிப் போட்டேன், பொருந்திவிட்டது.

பெட்டிக்குள் இன்னொரு பொருள், ஐபீஸில் திருகிக்கொள்ளும் சின்னக் கறுப்புக் கண்ணாடி, சூரியனைப் பார்க்க என்று. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். முன்லென்ஸ் குவித்து அனுப்புகிற வெயில் முழுக்க அந்தச் சின்னக் கண்ணாடியில்தான் விழும். சூட்டில் அது விரிசல் விட்டால், அடுத்த நொடி கண் போய்விடும். சூரியனுக்கான வடிகட்டியைக் குழாயின் முன்வாயில்தான் மாட்ட வேண்டும். நான் அதைச் சுத்தியலால் உடைத்து, பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டேன். பிள்ளைகள் கையில் கொடுக்கிற பெட்டிக்குள் இதை வைக்கிறவர்களை என்ன சொல்வது.

சரி, நல்ல விஷயத்துக்கு வருவோம்.

மார்கழி இரண்டாம் வாரம்தான் வானம் முழுசாக விட்டது. முதல் நாள் நிலா. அதைப் பற்றி எழுதப்போவதில்லை, யார் பார்த்தாலும் வாயைத் திறப்பார்கள். பேத்தி கேட்ட கேள்வியை மட்டும் சொல்கிறேன்: “ஆயா, நெலா ஏன் இடம் வலமா மாறி இருக்கு?” டயகனலில் கண்ணாடி இருக்கிறது, அதனால் இடவலம் மாறும். ஆம்புலன்ஸ் வண்டியின் முகப்பில் எழுத்து திருப்பி எழுதியிருக்குமே, அதே சங்கதி.

பொங்கலுக்கு முந்தின வாரம் வியாழன். பஞ்சாங்கத்தில் குரு மிதுனத்தில் என்று போட்டிருந்தது. கிழக்கே கடல் பக்கமாக மஞ்சளாக ஏறி வந்ததைப் பிடித்தோம். 28 மடங்கில் சின்ன வட்டம், இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் புள்ளிகள், அவை வியாழனின் நிலாக்கள். 70 மடங்கில் வட்டத்தின் குறுக்கே இரண்டு மங்கலான பட்டைகள். விளிம்பில் லேசாக ஊதா நிறம் கசிகிறது, இந்த விலையில் கசியத்தான் செய்யும். கலிலியோ 1610 ஜனவரி 7-ஆம் தேதி பதுவாவில் பார்த்தபோது முதலில் மூன்று புள்ளிதான் கண்ணில் பட்டது, நாலாவது சில நாள் கழித்துத்தான். எங்களுக்கும் முதல் நாள் மூன்றே. “நாலுன்னு புக்ல இருக்கு, மூணுதான் தெரியுது, குழாய் சரியில்ல” என்று பேத்தி தீர்ப்பே சொல்லிவிட்டாள். மறுநாள் நாலும் இருந்தன. ஒன்று வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ ஒளிந்திருந்திருக்கிறது. குழாயின் மேல் போட்ட முதல் பொய் வழக்கு இது.

சனியும் அப்படித்தான். வளையம் வளையமாகத் தெரியும் என்று எதிர்பார்த்தால், ஒரு மணியின் நடுவே ஊசி குத்தின மாதிரி மெல்லிசாக ஒரு கோடு. விலையைத் திட்டலாம் என்று பார்த்தேன். ஆனால் சனியின் வளையம் 2025 மார்ச்சில்தான் பூமிக்குத் தன் விளிம்பைக் காட்டித் திரும்பியது, இன்னும் முழுசாக விரியவில்லை. ஏறக்குறைய 15 வருஷத்துக்கு ஒரு தடவை இப்படி. இரண்டு வருஷம் போனால் இதே குழாயில் நன்றாகத் தெரியும். சனி எந்த ராசியில் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். திருக்கணிதப்படி 2025 மார்ச்சிலேயே மீனத்துக்குப் போயாயிற்று, வாக்கியப்படி 2026 மார்ச்சில்தான் பெயர்ச்சி, திருநள்ளாற்றுக் கணக்கும் அதுதான். நான் இரண்டு பஞ்சாங்கமும் விற்கிறேன்.

இப்போது அந்தப் பிரெஞ்சுக்காரர்.

சில வருஷத்துக்கு முன் கடலூரிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவர் தமிழில் எழுதிய ஆய்வேட்டை மூன்று காப்பி எடுக்கக் கொடுத்துவிட்டுப் போனார். ஈரப் பேப்பர் மெஷினில் சிக்கி, பக்கங்கள் கலந்துவிட்டன. உட்கார்ந்து வரிசைப்படுத்தும்போது படித்தேன். அடுக்கி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை, வாசலில் நின்றவர் ஆதார் காப்பிக்குக் குரல் கொடுத்த பிறகுதான் எழுந்தேன். அதில் லெ ஜென்டில் என்று இருந்தது. கடைக்கு வரும் ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார் ஒருவர், கடைசி ‘ல்’ சத்தம் வராது, லெ ஜான்தி என்று திருத்தினார். அப்படியே சொல்கிறேன்.

கியோம் லெ ஜான்தி, 1725-இல் பிரான்சில் கூத்தான்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். பாதிரியாராக வேண்டும் என்று பாரிஸுக்குப் போய், வானியல் பக்கம் திரும்பியவர். 24 வயதில், 1749 அக்டோபர் 29 அன்று, வானத்தில் வெள்ளைப் புகை மாதிரித் தெரிகிற ஆண்ட்ரோமெடா மங்கலுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன மங்கல் ஒட்டிக்கொண்டிருப்பதை முதலில் கண்டவர் அவர்தான். இன்றைக்கு எம் 32 என்கிறார்கள். அது கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் உள்ள தனி மண்டலம், சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தூரம் என்பதெல்லாம் இருபதாம் நூற்றாண்டில்தான் தெரிந்தது.

ஆனால் அவரை ஊர் ஊராக அலைய வைத்தது வெள்ளி. சூரியனுக்கும் நமக்கும் நடுவே வெள்ளி கடக்கும்போது, சூரியன் மேல் ஒரு கறுப்புப் பொட்டு நகர்வது போலத் தெரியும். அது கடக்கிற நேரத்தைப் பூமியின் பல இடங்களிலிருந்து அளந்தால் சூரியன் எவ்வளவு தூரம் என்று கணக்கிடலாம் என்று ஆங்கில வானியலாளர் ஆலி (ஹாலி வால்மீன்காரர்) 1716-இலேயே எழுதி வைத்திருந்தார். 1761-இலும் 1769-இலும் கடப்பு வந்தது. விட்டால் அடுத்தது 1874. லெ ஜான்திக்குக் குறித்துக்கொடுத்த இடம் புதுச்சேரி.

1760 மார்ச்சில் பிரான்சிலிருந்து கப்பல் ஏறினார். இன்றைய மொரீஷியஸ் வரை வந்து சேர்ந்தார். இங்கே ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகை போட்டிருந்தார்கள், 1761 ஜனவரியில் ஊர் வீழ்ந்தது. அது தெரியாமல் மார்ச்சில் புறப்பட்டு, மே மாதம் மாஹே பக்கம் வந்தபோதுதான் சேதி கிடைத்தது. ஆமாம், நம்ம மாஹேதான், அதுவும் போயிருந்தது. கப்பல் திரும்பியது. ஜூன் 6, கடப்பு நாள். வானம் சுத்தம், சூரியன் மேல் வெள்ளி நன்றாகத் தெரிந்தது. ஆனால் நடுக்கடல், ஆடுகிற கப்பல். எந்த இடத்திலிருந்து பார்க்கிறோம் என்பதே சரியாகத் தெரியாமல் நேரத்தை மட்டும் குறித்து என்ன பயன்? என் முக்காலி ஆடினால் மணல் பாட்டில் கட்டினேன். அவர் இந்துமாக் கடலுக்கு எதைக் கட்டுவார்?

ஊருக்குப் போகவில்லை. எட்டு வருஷம் காத்திருந்து அடுத்ததைப் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தார். மடகாஸ்கர் கரையை வரைந்தார், மணிலாவுக்குப் போனார், கடைசியில் 1768 மார்ச்சில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். ஊர் அதற்குள் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குத் திரும்பியிருந்தது, ஆனால் பாதி இடிபாடு. கோட்டையின் இடிபாட்டுக்கு மேலேயே, இன்றைக்குப் பாரதி பூங்கா இருக்கிற பக்கம், கவர்னர் ழான் லா அவருக்கு ஒரு வானாய்வுக்கூடம் கட்டிக்கொடுத்தார்.

நல்ல டெலஸ்கோப்புக்கு என்ன செய்தார்? மெட்ராஸிலிருந்து ஆங்கிலேயர்களே அனுப்பினார்கள். ஏழு வருஷம் முன்னால் இந்த ஊரை இடித்துத் தள்ளியவர்கள், மூன்றடி நீள அக்ரோமாட்டிக் டெலஸ்கோப்பைப் பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்து உதவினார்கள். அக்ரோமாட்டிக் என்றால் நிறக் கசிவைக் குறைக்க இரண்டு விதக் கண்ணாடியைச் சேர்த்துச் செய்த லென்ஸ். அப்போது புதுசு, 1758-இல்தான் டாலண்ட் என்கிற லென்ஸ்காரர் லண்டனில் அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். என்னுடைய குழாயும் அதே வகை, நீளம் மட்டும் இரண்டே கால் அடி. அந்த வரியைப் படித்த பிறகு எனக்கு இந்த 8,499 ரூபாய் சாமான் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

காத்திருந்த நாளில் சும்மா இருக்கவில்லை. இங்கிருந்த தமிழ்ப் பஞ்சாங்கக்காரர்களிடம் உட்கார்ந்து கணக்குக் கற்றுக்கொண்டார். ஒருவர் சோழிகளை நகர்த்தி, மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே முக்கால் மணி நேரத்தில் கிரகணக் கணக்கு போட்டுக் காட்டினாராம். கணக்குக்கு எடுத்துக்கொண்டது ஏற்கனவே நடந்து முடிந்த 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம். அது நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாக வந்தது. ஐரோப்பாவில் பெயர்பெற்ற ஜெர்மன் வானியலாளர் மாயரின் நிலா அட்டவணை 68 விநாடி அதிகம். இதைக் கேட்டுவிட்டு எல்லாம் நம் முன்னோர் அப்போதே சொல்லிவிட்டார்கள் என்று கிளம்பிவிடாதீர்கள். 1825-இல் இதே ஊரில் இன்னொரு பஞ்சாங்கக்காரர் சோழி வைத்துப் போட்ட கணக்கில் கிரகணம் முடிகிற நேரம் 52 நிமிஷம் பிசகியது. எழுத்தில் ஒன்றும் வைக்காமல் சோழியிலும் வாயிலும் இவ்வளவு தூரம் வந்ததே எனக்குப் பெரிசாகப் படுகிறது. கடையில் பஞ்சாங்கம் கட்டுக்கட்டாக வந்து இறங்கும்போது இப்போதெல்லாம் அந்தச் சோழி ஞாபகம் வருகிறது.

1769 மே மாதம் முழுக்கக் காலை வானம் பளிச்சென்று இருந்தது. ஜூன் 3 சாயங்காலம்கூட கவர்னரும் இவரும் வியாழனின் முதல் நிலா நிழலிலிருந்து வெளிவருவதைப் பார்த்தார்கள். நாங்கள் மாடியில் பார்த்த அதே புள்ளிகளில் ஒன்று. மறுநாள் ஞாயிறு. சூரியன் உதிக்கும்போதே வெள்ளி அதன் மேல் இருக்கும், ஏழு மணி வாக்கில் வெளியேறிவிடும்.

இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. தென்கிழக்கே மணல்திட்டில் அலை அடிக்கிற இரைச்சல் காதில் விழுந்தது. காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான், அப்படியென்றால் வானம் நன்றாக இருக்கும் என்று சந்தோஷப்பட்டு எழுந்து பார்த்தால், எங்கும் மேகம். விடியும்போது ஒரு புயற்காற்று கடலை நுரைக்க அடித்தது, மேகம் நகரவில்லை. வெள்ளி கடந்து போன பிறகு, காலையிலேயே சூரியன் வெளியே வந்து நாள் முழுக்கக் காய்ந்தது. அவர் விட்டுவிட்டு வந்த மணிலாவில் அன்று வானம் சுத்தமாக இருந்தது. பத்தாயிரம் லீக் தூரம் கடந்து வந்தது ஒரு மேகத்தைப் பார்க்கத்தானா என்று அவரே எழுதியிருக்கிறார். இரண்டு வாரம் பேனா பிடிக்க முடியவில்லையாம்.

நான் இந்தப் பக்கத்தை அடுக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு நினைவு வந்தது 2012 ஜூன் 6. அன்று புதுச்சேரியில் சூரியன் உதித்ததிலிருந்து காலை பத்தேகால் தாண்டும்வரை வெள்ளி கடந்தது. எனக்கு அது பள்ளிக்கூட அட்மிஷன் சீசன், கடை வாசலில் கூட்டம், தலை நிமிரவில்லை. அடுத்தது 2117 டிசம்பர். எனக்கும் கிடையாது, பேத்திக்கும் சந்தேகம்தான்.

மிச்சத்தைச் சுருக்கிவிடுகிறேன். வயிற்றுக்கடுப்பில் விழுந்து, புயலில் சிக்கி, 1771-இல் அவர் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தபோது, இறந்துவிட்டார் என்று சொல்லி வாரிசுகள் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சு அறிவியல் அகாடமியில் அவர் இடத்தையும் வேறு ஒருவருக்குக் கொடுத்தாயிற்று. உயிரோடு இருக்கிறேன் என்று வழக்காடினார். ஆதார் கார்டு இருந்திருந்தால் ஒரு காப்பியில் வேலை முடிந்திருக்கும். அப்புறம் கல்யாணம் செய்துகொண்டு, ஒரு மகள் பிறந்து, பயணத்தை இரண்டு பெரிய தொகுதியாக எழுதி, 1792-இல் இறந்தார்.

இதையெல்லாம் படித்த பிறகுதான் எங்கள் 19 நாள் மூட்டத்துக்காக ஒரு நட்சத்திரம் குறைக்க நினைத்தது வெட்கமாகப் போயிற்று. அவரிடம் இருந்தது அந்தக் காலத்தின் நல்ல கருவி. அதன் மேல் அவர் குறை சொல்லவில்லை.

இந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எம் 32-ஐத் தேடிக் குழாயைத் தூக்கிக்கொண்டு வீராம்பட்டினம் போனோம். லெ ஜான்தியும் அந்த ஊருக்கு வந்திருக்கிறார், அங்கே ஒரு கற்சிலையைப் பார்த்து அது புத்தர் என்று எழுதி வைத்திருக்கிறார். ஆண்ட்ரோமெடா வடமேற்கில் இருந்தது. வீராம்பட்டினத்திலிருந்து வடமேற்கு என்றால் ஊர் வெளிச்சம் அத்தனையும் அந்தப் பக்கம்தான். 28 மடங்கில் ஒரு வெள்ளைப் புகை தெரிந்தது, அது பெரிய ஆண்ட்ரோமெடா. பக்கத்தில் சின்னது தெரிந்ததா? பேத்தி தெரிந்தது என்கிறாள், நான் இல்லை என்கிறேன். வெள்ளியைப் பார்க்கலாம் என்றால் அது ஜனவரியில் சூரியனுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது, பஞ்சாங்கத்தில் சுக்கிர மௌட்யம், அதாவது சூரிய வெளிச்சத்தில் வெள்ளி மறைந்திருக்கும் காலம். நிலாவின் தென்விளிம்பில் லெ ஜான்தி பெயரில் ஒரு பள்ளமும் இருக்கிறது. ரொம்ப ஓரத்தில் இருப்பதால் எங்களுக்கு இதுவரை அகப்படவில்லை. இந்த மூன்றுக்கும் குழாயில் மார்க் குறைக்கவில்லை.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். இரவு ஒன்பது மணிக்கு மேல் முன்லென்ஸில் பனி பூக்கும். துணியால் துடைக்காதீர்கள், கோடு விழும். உள்ளே கொண்டுவந்து தானாகக் காய விடுங்கள். பீரோவில் வைத்தால் உப்புக் காற்றிலும் ஈரத்திலும் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். நான் ஜெராக்ஸ் பேப்பர் நமுத்துப் போகாமல் இருக்க, 40 வாட் குண்டு பல்பு எரிகிற மர அலமாரி வைத்திருக்கிறேன். குழாய் இப்போது ஏ4 கட்டுகளுக்குப் பக்கத்தில், பல்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் படுத்திருக்கிறது.

ஆக, முக்காலிக்கு ஒன்று குறைத்தேன். 525-க்கும் அந்தச் சூரியக் கண்ணாடிக்கும் சேர்த்து ஒன்று. லென்ஸுக்கு ஒன்றும் குறைக்கவில்லை, மேகத்துக்கும் இல்லை. ஐந்துக்கு மூன்று. வாங்கலாமா என்றால் வாங்கலாம், ஆனால் தீபாவளிக்கு வேண்டாம், தை பிறந்த பிறகு வாங்குங்கள். திருகு காணாமல் போனால் கடைக்கு வாருங்கள், சைக்கிள் கடையிலிருந்து நாலைந்து சேர்த்தே வாங்கி வைத்திருக்கிறேன்.